கேசட்டில் துடித்த பிள்ளை

எண்பதுகளில் மலேசியாவில், ஜெராம் பக்கத்து எஸ்டேட் கிளினிக்கில் நான் மிட்வைஃப். எல்லோருக்கும் மிஸி. அதுவரை கர்ப்பிணியின் வயிற்றில் குழலை வைத்து, காதை ஒட்டி, பிள்ளையின் துடிப்பை நான் மட்டும்தான் கேட்பேன். தாய்மார்கள் என் முகத்தைப் பார்த்துச் சேதி தெரிந்துகொள்வார்கள். டாப்ளர் என்ற சின்ன மெஷின் வந்ததும் அந்த மவுசு போயிற்று. ஜெல் தடவி வைத்தால் அறை முழுக்கத் துடிப்பு கேட்டது.

செல்விக்கு முதல் பிள்ளை வயிற்றிலேயே தவறிவிட்டது. இரண்டாவதற்கு நிறைமாதம் நெருங்கியபோது அவள் கணவர் முனியாண்டி, எஸ்டேட் லோரி டிரைவர், கேசட் போடும் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தார். துடிப்பைப் பதிவு செய்ய வேண்டுமாம். ஒரு பழைய பாட்டுக் கேசட்டில் பதிந்துகொண்டு போனார். அப்புறம் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் எல்லோருக்கும் அதுதான் பாட்டு. ஆண்பிள்ளைத் துடிப்பு என்று, தோட்ட வேலையை மேற்பார்க்கும் மண்டோர் தீர்ப்பே சொல்லிவிட்டார். எண்ணெய்க்கு வெட்டும் செம்பனைக் குலையில் பழுத்தது எது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். பிள்ளை விஷயம் வேறு.

அடுத்த வாரம் ஒரு காலை லயத்துக்குப் போனேன். செல்வி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை அசைகிறதா என்று கேட்டேன்.

“நேத்திலேர்ந்து அசையல மிஸி. ஆனா பயமில்ல. இப்பத்தான் கேசட்டு போட்டுக் கேட்டேன், நல்லா அடிக்குது லா.”

அவள் கையிலிருந்த ஈரத்துணியை வாங்கிக் கொடியில் போட்டேன்.

“அது போன வாரத்துப் புள்ளம்மா. இன்னிக்குப் புள்ளைய நான் கேக்கணும், வா.”

டாப்ளரில் துடிப்பு இருந்தது. ஆனால் மிகவும் மெதுவாக, விட்டு விட்டு. எஸ்டேட் ஆபீஸ் கணக்கெழுதும் கிராணியின் காரில் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். வழி நெடுக அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். அவளைவிட எனக்குத்தான் பயம் அதிகம்.

ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் பிள்ளை. முதலில் சத்தமே இல்லையாம், பிறகு வார்டே அதிர அழுதாளாம். மண்டோர் ஒரு மாதம் என் கண்ணில் படவில்லை.

முனியாண்டி வார்டுக்கும் ரேடியோவோடு வந்து நின்றார். அழுகையைப் பதிய வேண்டுமாம். செல்வி பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“அத வீட்டுக்குக் கொண்டு போங்க. இவ அழட்டும். நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்.”

இப்போது வேலைக்கு வரும் மிஸிகளிடம் இன்னும் பெரிய மெஷின்கள் இருக்கின்றன. நல்லதுதான். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். அதைத் தொடுவதற்கு முன் தாயிடம், இன்றைக்குப் பிள்ளை அசைந்ததா என்று கேட்டுவிடுங்கள். மெஷின் கோபித்துக்கொள்ளாது.