ஒன்பது நிமிடம் நாற்பது விநாடி

"கைய எடுங்கய்யா. கம்பியப் பிடிச்சா கணக்குத் தப்பிரும்."

நான் எடுக்கிறேன். டிரெட்மில்லின் பட்டை காலடியில் பின்னோக்கி ஓடுகிறது. என் கெண்டைக்காலில் தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்றை ஒட்டி, அதன்மேல் கறுப்புத் துணி சுற்றியிருக்கிறாள் முத்துமீனா. கருவியின் ஒளி தோலுக்குள் போய், நடக்க நடக்கத் தசையில் எவ்வளவு பிராணவாயு மிஞ்சுகிறது என்று பார்த்துத் திரையில் கோடு போடும். என் கோடு இரண்டாம் நிமிடத்திலேயே சரியத் தொடங்கிவிடும். முப்பது வருட சிகரெட், பத்து வருட சர்க்கரை. காலுக்குப் போகும் ரத்தக்குழாய் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டு வருகிறது.

விளாங்குடிப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையின் மாடியறையில் பதினொரு வருடமாக அவளுக்கு இதுதான் வேலை. வாடிப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். சேலைக்குக் கீழே கான்வாஸ் ஷூ. வேலை நேரத்தில் உட்கார மாட்டாள். வலிக்கிற காலின் பக்கமாக நின்றுகொண்டு காலையே பார்ப்பாள். பெயர்கள் அவளுக்கு நினைவில் நிற்பதில்லை, நிமிடங்கள் நிற்கும். கடைசியாகப் போன அன்று நான் படியேறி மூச்சு வாங்கி நின்றபோது, "போன தடவ மூணு அம்பதுல நின்னீங்கள்ல?" என்றாள். இந்தத் தடவை மூன்று நிமிடம் இருபது விநாடியிலேயே வலி தாங்காமல் நின்றுவிட்டேன். அவள் எழுதிக்கொண்டாள். 'பரவாயில்லை' என்ற சொல் அவள் வாயில் வராது.

ஒருநாள் கோரிப்பாளையம் பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். எதிரே மிக்ஸிக் கடைக் கண்ணாடி முன்னால் ஒருவர் நெடுநேரமாக நின்றிருந்தார். "மிக்ஸியப் பாக்கலங்க அவரு. கால் பிடிச்சு இழுக்குது, வெளிய தெரியக் கூடாதுன்னு நிக்கிறாரு. இப்பப் பாருங்க, அடுத்த கடையிலயும் நிப்பாரு" என்றாள். நின்றார். போய்ச் சொல்லக் கூடாதா என்றேன். "முன்னெல்லாம் சொல்லுவேன், அட்ரஸ் எழுதிக்கூடக் குடுப்பேன். ஒருத்தரும் வரல. வெரல் கறுத்த பெறகுதான் வருவாங்க. எம்புட்டுப் பேருக்குச் சொல்றது?"

அந்தப் பேச்சில் இருந்த அலுப்புக்குக் காரணம் பிறகுதான் தெரிந்தது. ஒரு பிற்பகல் கருவி பழுதாகி, மெக்கானிக்குக்காகக் காத்திருந்தபோது அவளாகவே சொன்னாள்.

கண்ணுச்சாமி அவள் ஊர்க்காரர். இரண்டு ஏக்கர் நெல் விவசாயி. போன வருடம் வலது காலில் வலி என்று பரிசோதனைக்கு வந்தார். பட்டை ஓடத் தொடங்கியதும் இரண்டு கைகளாலும் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். உடம்பின் பாரத்தைக் கை தாங்கினால் காலுக்கு வேலை குறையும், கோடும் மெதுவாகத்தான் சரியும். கையை எடுக்கச் சொன்னாள். அவர் எடுக்கவில்லை.

"கண்டுக்காத தாயி. நின்னுட்டா இன்னைக்கே ஆஸ்பத்திரியில படுக்கப் போட்ருவாய்ங்க. வாய்க்கால்ல தண்ணி விட்டாச்சு, நாத்து முத்திப் போச்சு. நடவ முடிச்சுட்டு நானே வாரேன்."

அவளும் நாற்று பிடுங்கிய வீட்டுப் பெண்தான். பட்டையை நிறுத்தவில்லை. ஒன்பது நிமிடம் நாற்பது விநாடி என்று எழுதினாள். தாளில் 'கைபிடியைப் பிடித்தாரா' என்று ஒரு கட்டம் உண்டு. அதைக் காலியாக விட்டாள். ஒன்பது நிமிடம் நடக்கிற காலுக்கு இப்போது அவசரமில்லை என்று டாக்டர் மாத்திரை எழுதி, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். நடவுச் சேற்றில் கட்டைவிரலில் ஏதோ குத்தியது. ரத்தம் போகாத காலில் புண் எப்படி ஆறும்? ஏழாவது வாரம் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

"டாக்டர்ட்டச் சொன்னியா?" என்று கேட்டேன்.

"சொன்னேன். 'சரி, இனிமே செய்யாத'ன்னாரு. அம்புட்டுத்தான். ரெண்டு திட்டு திட்டிருந்தாக்கூட நல்லாருந்திருக்கும்."

மூன்று இருபதில் நின்ற அன்று, சரிந்த கோடு மேலேறும் வரை அந்த அறையிலேயே கட்டிலில் படுத்திருந்தேன். அப்போது சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓர் அம்மாள் வந்தார். நாற்காலியில் இருந்தவருக்கு வலது முழங்காலுக்குக் கீழே கால் இல்லை. கண்ணுச்சாமி. இப்போது இடது காலில் வலி.

"என்ன தாயி, நல்லாருக்கியா?" என்றவர், படுத்திருந்த என்னிடம் திரும்பினார். "தங்கமான பிள்ளைங்க இது. அன்னைக்கு மட்டும் இது எரக்கப்படலேன்னா என் நடவு போயிருக்கும். அந்தப் போகம் நல்ல வெளச்சல்."

அவரால் பட்டையில் நடக்க முடியாது. உட்கார்ந்தபடியே குதிகாலை ஊன்றிப் பாதத்தை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். கருவியை ஒட்டினாள். "ஆட்டுங்கய்யா" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே ஆட்டினார். அரை நிமிடம்கூட ஆகவில்லை, கோடு அடிமட்டத்துக்குப் போய்விட்டது. பிறகு அவர் ஆட்டுவதை நிறுத்திய பின்பும் ஏறவே இல்லை. கட்டிலிலிருந்து எனக்கே தெரிந்தது.

"எப்பிடித் தாயி இருக்கு? இதையாச்சும் காப்பாத்திரலாம்ல?"

யாரிடமும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறவள், தாளில் எண்ணை எழுதினாள். இந்த முறை எல்லாக் கட்டங்களையும் நிரப்பினாள். பிறகு முதல் தடவையாக அவள் தரையில் உட்கார்ந்ததைப் பார்த்தேன். கருவியைக் கழற்றினாள். சில்லிட்டு வெளுத்திருந்த அந்தப் பாதத்தை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தாள். தேய்த்தால் குழாய் திறக்காது என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த மாடியில் யாரும் இல்லை. வெளியே அடுத்த ஆளின் பெயரை இரண்டு முறை கூப்பிட்டார்கள். அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.