பிளாக்பெரியும் மசுக்குட்டியும்

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு அப்பா அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்திறங்கினார். அதுவரை அவருக்கு மலைநாட்டில், பண்டாரவளைத் தபால் கந்தோரில் வேலை. அம்மாவும் நானும் சுன்னாகத்தில் இருந்தோம். மற்றவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இறங்க, அப்பா ஒரு பால்மா டின்னை அணைத்துக்கொண்டு இறங்கினார். அதற்குள் ஈரச் சாக்குச் சுற்றிய முள்ளுத் தடி ஒன்று. அகதிகளை ஏற்ற வரும் லொறிக்குக் காத்திருந்த நேரத்தில் குவாட்டர்ஸ் பின்வளவில் கிண்டி எடுத்ததாம்.

"சனம் நகையும் காணி உறுதியும் கொண்டு வருகுது. இந்த மனுசன் முள்ளுக் கொண்டு வந்திருக்கிறார்" என்றார் அம்மா.

"நகையை நட்டால் முளைக்குமோ?" என்று கேட்டுவிட்டு அப்பா மண்வெட்டியைத் தேடிப் போனார்.

அது பிளாக்பெரி, கறுத்துப் பழுக்கும் ஒரு முள்ளுப் பழச்செடி. மலைக்குளிரில் வளர்ந்த செடிக்கு எங்கள் செம்பாட்டு மண்ணும் வெயிலும் ஒத்துவரவில்லை. அப்பா அதைக் கிணற்றடி முருங்கைக்குக் கீழே நட்டு, மேலே தென்னோலைக் கிடுகால் கூரை போட்டார். உச்சி வெயிலில் வாளியோடு நின்று இலைகளுக்குத் தண்ணீர் தெளிப்பார்.

"போன மாதம் காய்ச்சலிலை கிடந்தன். என்ரை நெற்றியிலை ஒரு ஈரத்துணி போட ஆளில்லை" என்று அம்மா குசினிக்குள் அடுப்படியில் இருந்து சொல்வது கிணற்றடிக்குக் கேட்கும். அப்பாவுக்குக் கேட்காது.

அடுத்த வளவில் இருந்த மாமிக்கு, அப்பாவின் அக்காவுக்கு, செடியின் பெயர் பேரீச்சை என்றே காதில் விழுந்திருந்தது. தம்பி பேரீச்சை வைத்திருக்கிறான், அரபு நாட்டு மரம் எங்கள் வெயிலுக்கு நல்லாய் வரும் என்று கோயிலடி வரைக்கும் சொல்லி வைத்திருந்தார். மரம் ஏன் நிமிராமல் நிலத்தில் ஊர்கிறது என்பதுதான் அவருடைய ஒரே கவலை.

செடி இரண்டு வருடம் முள்ளை மட்டும் தந்தது. பிறகு ஒரு மார்கழிப் பனியில் வெள்ளையாகப் பூத்து, ஒரு கொத்துக் காயும் பிடித்தது. காய்கள் சிவந்தன. பிறகு இரண்டு மட்டும் கறுக்கத் தொடங்கின. "நல்லாய்க் கறுக்க வேணும். ஒருத்தரும் கை வைக்கப்படாது" என்று எங்களுக்குச் சொல்லிவிட்டு, அப்பா ஒரு கலியாண வீட்டுக்குப் பருத்தித்துறைக்குப் பஸ் ஏறினார்.

அன்றைக்கென்று முருங்கை முழுக்க மசுக்குட்டி. உடம்பில் பட்டால் கடித்துத் தடித்துவிடும் அந்த மயிர்ப்புழுக்களுக்கு ஊரில் ஒரே வைத்தியம் நெருப்புத்தான். அம்மா மாமியைக் கூப்பிட்டார். மாமி தடி நுனியில் துணி சுற்றி, மண்ணெண்ணெயில் நனைத்துப் பந்தம் கொளுத்திக்கொண்டு வந்தார். மரத்தை முடித்துவிட்டுக் குனிந்தவருக்கு, கூரைக்குக் கீழே கறுப்பாக, மொழுமொழுவென்று, மயிரோடு இரண்டு தெரிந்தன.

"மச்சாள், இஞ்சை வந்து பாருங்கோ. இது வேறை சாதி" என்று சொன்னபடியே பந்தத்தைப் பிடித்தார். நான் குசினியிலிருந்து ஓடிப் போவதற்குள் காரியம் முடிந்துவிட்டது.

அப்பா திரும்பி வந்தபோது மாமி நன்றியை எதிர்பார்த்து வாசல் படலையடியில் நின்றார். "தம்பி, உன்ரை பேரீச்சையிலை மசுக்குட்டி ஏறிட்டுது. நல்ல காலம், நான் கண்டன்."

அப்பா கிணற்றடிக்குப் போனார். கருகிய இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"அக்கா," என்றார் கடைசியில், "இதுதான் பழம்."

மாமி பழத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பழத்துக்கு ஏன் தம்பி மயிர்?"

மறுநாள் காலையிலிருந்து மாமி பூவரசம் தடியோடு கிணற்றடியில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். மிச்சக் காய்களுக்கு அணிலும் வரவில்லை, காகமும் வரவில்லை. தண்ணீர் அள்ளப் போன என்னையே சந்தேகமாகப் பார்த்தார்.

அவை கறுத்ததும் அப்பா ஒரு பீங்கானில் பறித்து வந்து முதலாவதை அக்காவுக்குக் கொடுத்தார். மாமியின் முகம் ஒரு பக்கமாகக் கோணியது.

"உந்தப் புளிக்கோ தம்பி உவ்வளவு பாடு?"

அம்மாவும் ஒன்றைக் கடித்துவிட்டு மெல்ல வாசல் பக்கம் போய்த் துப்பினார்.

"ஓம், பண்டாரவளையிலையும் உப்பிடித்தான் புளிக்கும்" என்றார் அப்பா, மிகத் திருப்தியாக. பிறகு பீங்கானை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் சாப்பிடத் தொடங்கினார்.