ஓடு பிரித்த வீடு

பூந்தமல்லியில் நாங்கள் இருந்த வீட்டில் இரண்டு குடித்தனம். முன்கட்டில் நானும் என் கணவரும். பின்கட்டில் ஒரு தையற்கார பாய், அவர் மனைவி, மூன்று வயதுப் பெண் குழந்தை. யுத்தம் நடந்துகொண்டிருந்தது. என் கணவருக்கு ஆவடி ராணுவக் கிடங்கில் வேலை; விடிந்ததும் சைக்கிளில் கிளம்பிவிடுவார். பாய் கடைத்தெருவில் காக்கிச் சட்டை தைத்தார். குண்டு விழுமென்று பயந்து பட்டணத்து ஜனங்கள் எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தார்கள். மாட்டுக்கொட்டகையைக்கூட வாடகைக்குக் கேட்ட காலம் அது.

வீட்டுக்காரர் அடுத்த வீட்டில் இருந்தார். நெல் மண்டிக்காரர். அவருடைய கக்கூஸ் குழி எங்கள் கிணற்றை ஒட்டி இருந்தது. அந்த வருஷத்து மழையில் குழியின் சுவர் இடிந்து, கிணற்றுத் தண்ணீர் நாற ஆரம்பித்தது. பாயின் குழந்தைக்குப் பேதி கண்டு, கண் உள்ளே போய்விட்டது. வீட்டுக்காரரிடம் இரண்டு தரம் சொன்னோம். "காய்ச்சிக் குடிங்கம்மா. ஊர்ல எல்லாரும் குடிக்கல?" என்றார்.

நான் எட்டாவது வரை படித்தவள். ஒரு மத்தியானம் உட்கார்ந்து சுகாதார இன்ஸ்பெக்டருக்கு மனு எழுதினேன். பெயர் போடவில்லை. 'மேற்படி வீட்டில் குடியிருப்போர்' என்று முடித்துத் தபாலில் போட்டுவிட்டேன். என் கணவருக்குக்கூடச் சொல்லவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். கிணற்றில் மருந்துப் பொடி போட்டார். குழியை மூடிவிட்டு வேறிடத்தில் தோண்டும்படி வீட்டுக்காரர் கையில் உத்தரவு கொடுத்தார். போகும்போது பின்கட்டுக்குப் போய்க் குழந்தையை நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். வினை அங்கேதான் பிறந்தது. மறுநாள் காலை வீட்டுக்காரர் நேராகப் பின்கட்டில் போய் நின்றார்.

"என் ஊட்ல இருந்துகினு என் மேலயே மனுவா? வெள்ளிக்கிழமைக்குள்ள காலி பண்ணு!"

"நைனா, எனக்கு எழுதப் படிக்கவே தெரியாதே" என்றார் பாய்.

"தெரியாதவன் எவனையாவது வச்சு எழுதுவான். பட்டணத்துக்காரங்க ரெட்டை வாடகை குடுக்கறேன்னு வாசல்ல நிக்கறாங்க. உன்ன வச்சுகினு நான் இன்னா பண்றது?"

நான் கதவுக்குப் பின்னால், கையில் முறத்தோடு நின்றுகொண்டிருந்தேன். வெளியே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்போதும் சொல்லவில்லை, அன்று முழுவதும் சொல்லவில்லை. பாயின் மனைவி வழக்கம்போல வந்து உப்பு கேட்டாள். அவள் முகத்தைப் பார்க்காமலே கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை வரை வீட்டுக்காரருக்குப் பொறுமை இல்லை. புதன்கிழமை முற்பகல், ஆண்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்த நேரம், கூரைமேல் தடதடவென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். இரண்டு ஆட்கள் பின்கட்டின் ஓட்டைப் பிரித்துக் கீழே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் குடையை ஊன்றி நின்றிருந்தார். உள்ளே, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். தலைமேல் வெயில் விழுந்துகொண்டிருந்தது.

"ரிப்பேர் வேலை நடக்குது. வெளிய வாம்மா" என்றார் அவர்.

"வரமாட்டேன்" என்றாள். எழுந்திருக்கவில்லை.

அப்போதுதான் என் வாய் திறந்தது. "நைனா, மனு எழுதினது அவங்க இல்ல. நான்."

அவர் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்படியா சேதி? அப்ப நீயும் மூட்டையைக் கட்டு."

ஆட்களிடம் கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அவர்களும் பாதிக் கூரையைப் பிரித்தபடியே விட்டுவிட்டு இறங்கிப் போனார்கள். நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அக்கா, அன்னிக்கே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

"எனக்குத் தெரியும் தங்கச்சி. தபால் பொட்டில நீ போட்டத நான்தான் பாத்தேனே."

"பின்னே ஏன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லல?"

"எம் புள்ளைக்காகத்தான எழுதுன?" என்றாள்.

சாயங்காலம் என் கணவர் விஷயத்தைக் கேட்டுக் கொதித்துப்போனார். "உனக்கு இன்னாத்துக்கு இந்த வேலை? இந்தக் காலத்துல வேற ஊடு எங்க கெடைக்கும்?" இரவு சாப்பிடாமல் படுத்தார். ஆனால் மறுநாள் கிடங்கில் தன்னோடு வேலை செய்யும் வயதான குமாஸ்தாவிடம் விசாரித்துக்கொண்டு வந்தார். யுத்தத்துக்காகச் சர்க்கார் புதுச் சட்டம் போட்டிருக்கிறதாம். வாடகை அதிகாரியின் உத்தரவு இல்லாமல் வீட்டுக்காரர் யாரையும் வெளியேற்ற முடியாதாம். வாய்வார்த்தை செல்லாது. "எந்தக் காகிதம் நீட்டினாலும் கையெழுத்துப் போடாதே. ஒரு நாள்கூட வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போகாதே. அவர் வாடகையை வாங்காவிட்டால் மணியார்டரில் அனுப்பு. திரும்பி வந்தால் அந்தச் சீட்டைப் பத்திரமாக வை. இன்றைக்கே மனு கொடு" என்று குமாஸ்தா சொன்னாராம்.

இரண்டாவது மனுவையும் நான்தான் எழுதினேன். இந்தத் தடவை என் பெயரைப் போட்டேன். கீழே பாய் கைநாட்டு வைத்தார்.

விசாரணைக்குக் கூப்பிட மூன்று வாரம் ஆயிற்று. பிரித்த இடத்தில் பாய் பனையோலையைப் போட்டுக் கட்டினார். மழை வந்த பகல்களில் தாயும் குழந்தையும் எங்கள் கட்டுக்கு வந்துவிடுவார்கள். ஆனால் பின்கட்டில் எப்போதும் ஒரு கோரைப்பாயும் அடுப்பும் இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். வாடகையை வீட்டுக்காரர் வாங்கவில்லை. மணியார்டரும் திரும்பி வந்தது. ஒரு காலையில் கிணற்றுக் கயிற்றையும் வாளியையும் காணோம். மசூதித் தெருக் கிணற்றிலிருந்து இரண்டு பேரும் குடம் குடமாகச் சுமந்தோம். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து போய்க் கதவைத் தாழிடுவேன்.

தாலுகா கச்சேரியில் வீட்டுக்காரர் வேட்டி மடிப்புக் கலையாமல் வந்து நின்றார். "ஓடெல்லாம் நொறுங்கிப்போச்சுங்க. அவங்க தலைல விழுந்துடப் போகுதேன்னு பிரிச்சேன்" என்றார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். "இன்ஸ்பெக்டர் உத்தரவு என்றைக்கு வந்தது?"

"திங்கக்கிழமைங்க."

"காலி பண்ணச் சொன்னது?"

"மறுநாளுங்க. அதுக்கு அடுத்த நாள் ஓட்டைப் பிரிச்சாங்க."

அவர் அதை எழுதிக்கொண்டார். பாயின் மனைவி என் பின்னால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றிருந்தாள். அவளாக முன்னால் வந்தாள். "ஐயா, பிரிச்ச ஓட்ட அவரே செவுத்தோரம் அடுக்கி வச்சிகீறாரு. ஒரு ஓடுகூட ஒடையல. ஆள் அனுப்பிப் பாருங்க."

ஆள் வந்து பார்த்தார். அப்படியேதான் இருந்தது. இரண்டு கட்டையும் காலி செய்யச் சொல்லக் கூடாது, ஒரு வாரத்துக்குள் ஓட்டை வேய்ந்து, கிணற்றுக்குக் கயிறு போட வேண்டும் என்று உத்தரவாயிற்று. அதே ஆட்கள் வந்து வேய்ந்தார்கள். வீட்டுக்காரர் வெளியே வரவில்லை. புதுக் குழி தோட்டத்தின் மறுகோடிக்குப் போயிற்று. கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்தார்கள். குழந்தைக்கு மெல்ல மெல்ல உடம்பு தேறியது.

அதன்பிறகு வீட்டுக்காரர் வாடகையை வாங்கிக்கொள்வார். ஆனால் எங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார். அவர் வீட்டுப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒரே மதிலுக்கு இரண்டு பக்கமும் அப்படி வாழ்வது லேசான காரியமில்லை. ஜெயித்தவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

ஒன்றரை வருஷம் கழித்துப் பாய்க்கு நசரத்பேட்டையில் அவருடைய உறவுக்காரர் வீடு கிடைத்தது. அவர்களாகவே புறப்பட்டார்கள். வண்டியில் தையல் மெஷினை ஏற்றியபிறகு, அவள் பின்கட்டைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தாள். சாவியை வீட்டுக்காரர் கையில் தானே கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவர் வாசலை நோக்கி நடந்தாள்.