ரெண்டு எஃப்

ஆங்கிலத்தில் சில வினைச்சொற்கள் தனியாக வருவதில்லை. ஒரு குட்டிச் சொல்லைக் கூட்டிக்கொண்டு வந்து, அர்த்தத்தையே மாற்றிவிடும். ஆறாம் வகுப்பில் எங்கள் இங்கிலீஷ் டீச்சர் அப்படிப் பத்தைப் போர்டில் எழுதிப்போட்டு, ஒவ்வொன்றையும் வைத்து வீட்டு விஷயமாக ஒரு வாக்கியம் எழுதி, அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார். கெட் அப்பும் புட் ஆனும் சுலபமாகப் போய்விட்டன. எட்டாவதாக இருந்த லே ஆஃபில் மாட்டிக்கொண்டேன்.

ஆஃப் எனக்குத் தெரியும். கோலார் தங்கவயலில் விடுமுறை என்ற சொல் பாடப்புத்தகத்தோடு சரி. சுரங்கம் ஓடிய காலத்திலிருந்து எங்களுக்கு ஆஃப்தான். வார ஆஃப், அரை நாள் ஆஃப். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் தண்ணிக்கும் ஆஃப். லே என்றால் கோழி முட்டையிடுவது. இரண்டும் எப்படி ஒட்டும் என்றுதான் விளங்கவில்லை. அகராதியில் பாருங்கள் என்றிருந்தார் டீச்சர். எங்கள் வீட்டில் அகராதி கிடையாது, அப்பாதான் உண்டு. அந்த வாரம் பகலிலும் இருந்தார்.

அது பெரிய அதிசயம். பெங்களூரில் ஒரு கம்பெனியில் அப்பாவுக்கு வேலை. மாரிகுப்பத்தில் விடிவதற்கு முன் ரயில் ஏறினால், நான் தூங்கிய பிறகுதான் திரும்புவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் முழு அப்பாவைப் பார்க்கலாம். அந்தச் சனிக்கிழமை கம்பெனியில் வைத்திருந்த ரப்பர் செருப்பு, துண்டு, ஸ்டீல் டம்ளர் எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொண்டுவந்தார். திங்கட்கிழமை ரயிலுக்குப் போகவில்லை. அம்மா கேட்டதற்கு, மிஷின் ரிப்பேர், ஆஃப் கொடுத்திருக்கிறார்கள் என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா என்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார், சாயங்காலம் வந்து கூட்டிப்போனார். ஒருநாள் பைக்கில் பூதிகோட்டைக்குப் போய்த் தோட்டத்திலேயே ஒரு கூடை தக்காளி வாங்கி வந்தோம். இவ்வளவையும் யார் தின்பது என்று அம்மா சலித்துக்கொண்டாள். அந்த வாரத்தைப் போல நான் சந்தோஷமாக இருந்ததே இல்லை.

லே ஆஃபுக்கு அர்த்தம் கேட்டபோது அப்பா பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். டீச்சரே கொடுத்தாரா என்று இரண்டு தரம் விசாரித்தார். பிறகு, "நாம கேக்காமலே கம்பெனியா பாத்து குடுக்கிற ஆஃபுடா கண்ணு" என்றார்.

இதைவிட நல்ல சொல் இங்கிலீஷில் இருக்க முடியாது என்று தோன்றியது. மை ஃபாதர் இஸ் லெய்ட் ஆஃப், வீ ஆர் வெரி ஹேப்பி என்று அழகாக எழுதி நீட்டினேன். அப்பா அதைப் படித்தார். பென்சிலை வாங்கி ஓர் எழுத்தைச் சேர்த்தார்.

"ஆஃபுக்கு ரெண்டு எஃப்பு போடணும். அம்மாகிட்ட காட்டினியா?"

இல்லை என்றேன். கையெழுத்துப் போட்டார்.

அதற்கப்புறம் காட்டாமல் இருப்பேனா? அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. தக்காளித் தொக்கு கிளறிக்கொண்டிருந்தவளுக்குப் பத்தையும் வாசித்துத் தமிழிலும் சொன்னேன். எட்டாவதை மட்டும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். கரண்டி நின்றது.

"அப்பா இன்னா சொன்னாரு?"

"ரெண்டு எஃப்பு போடணும்னாரு."

"சரியாத்தான் சொல்லிக்கீறாரு. எனக்குப் படிச்சிக் காட்டினது அவருக்குத் தெரிய வேணாம், இன்னா?"

இங்கிலீஷ் தெரியாத வெட்கம் என்று நினைத்து, பெரிய மனதோடு ஒப்புக்கொண்டேன்.

டீச்சர் ஒன்பது வாக்கியங்களுக்கு டிக் போட்டார். எட்டாவதற்கு டிக்கும் இல்லை, தப்பும் இல்லை. அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு, ஒருவரை நச்சரிக்காமல் விட்டுவிடுவது என்றார். அதற்கும் ஒரு வாக்கியம் எழுதட்டுமா என்றேன். வேண்டாம் என்றார்.

வேலையிலிருந்து ஆளை நிறுத்துவதுதான் அதன் நேர் அர்த்தம் என்று எனக்குத் தெரிய மூன்று வருடம் ஆயிற்று. அதற்குள் அப்பா வேறு கம்பெனியில் நிலைத்துவிட்டார். அந்த ஆஃப் வாரம் முடிந்து அடுத்த திங்கட்கிழமை அவர் ரயிலேறியது வேலை தேடித்தான். அது அம்மாவுக்குத் தெரியும்; சுரங்கத்தை மூடிய ஊரில் லே ஆஃப் என்ற சொல்லைத் தெரிந்துகொள்ள இங்கிலீஷ் வரவேண்டியதில்லை. அம்மாவுக்குத் தெரியும் என்பது அப்பாவுக்குத் தெரியாது.

அன்று விடியற்காலையில் நான் எழுந்து வாசலில் நின்று அழுதேன். இன்னொரு தடவை லே ஆஃப் கொடுக்கும்படி கம்பெனியில் கேளுங்கள் என்றேன். கேட்கிறேன் என்று சிரித்துக்கொண்டே போனார். அம்மா வழக்கம்போல டிபன் கட்டிக் கொடுத்திருந்தாள். அழுகையை நிறுத்த எனக்குப் பால் ஆற்றித் தந்தாள், அப்பாவின் கம்பெனி டம்ளரில். அப்பா அங்கே எதில் டீ குடிப்பார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.