மூலம் என்று சொன்ன நாள்

மூலம் என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்ல எனக்கு எட்டு வருஷம் ஆனது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு தொடங்கிய ரத்தம் அது. உடம்புச் சூடு என்று நினைத்து மோர் குடித்தேன், மிளகாயைக் குறைத்தேன், கறுப்பு உள்பாவாடைகளாக வாங்கிக்கொண்டேன். எங்கள் தீவில், மின்னி பே என்கிற கடலோரப் பகுதியில், எங்கள் வீட்டு முன்னறையில்தான் என் தையல் மெஷின். பள்ளிக்கூடம் திறக்கிற மாதங்களில் யூனிபார்ம் தைக்கக் காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்வரை எழுந்திருக்க மாட்டேன். என் கணவர் டிங்கிப் படகில் மீன்பிடிக்கப் போகிறவர். பிள்ளைகள் இருவரும் கடல் தாண்டி மெயின்லேண்டில் என் அம்மா வீட்டில் தங்கிப் படிக்கிறார்கள். யாருக்கும் நான் சொல்லவில்லை.

குருத்தோலை ஞாயிறன்று பவனியில் நடந்துகொண்டிருந்தவள் அப்படியே கீழே விழுந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் என் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த லேடி டாக்டர், "இவ்வளவு ரத்தம் எங்கேம்மா போகுது?" என்று கேட்டார். நான் கணவரைப் பார்த்தேன். டாக்டர் அவரை வெளியே நிற்கச் சொன்னார். அதன்பிறகுதான் என் வாயிலிருந்து வார்த்தை வந்தது. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி, சில வாரம் உடம்பைத் தேற்றிவிட்டு ஆபரேஷன் செய்தார்கள்.

வீட்டுக்கு ஆட்டோவில் வந்தோம். உட்கார முடியவில்லை. சீட்டின்மேல் முழங்காலிட்டு, பின்பக்கம் பார்த்தபடி, சீட்டின் முதுகைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும், "பாயி, தீரே ஸே, தீரே ஸே" என்று மெதுவாகப் போகச் சொல்லி என் கணவர் டிரைவரிடம் கெஞ்சினார். எங்களுக்குப் பின்னால் ஸ்கூட்டரில் வந்தவர் என் முகத்தைப் பார்த்து, ஏதோ வேண்டுதல் என்று நினைத்தாரோ என்னவோ, பயபக்தியோடு வேகத்தைக் குறைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் முடியவில்லை.

தினம் மூன்று வேளை டப்பில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி அதில் உட்கார வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அது கோடையின் கடைசி. குழாயில் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வந்தது. என் கணவர் கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டு, கீழ்த்தெருக் கிணற்றிலிருந்து குடம் குடமாகத் தூக்கி வந்தார். காய்ச்சி, விளாவி, முழங்கையை விட்டுச் சூடு பார்ப்பார். பிள்ளைகள் கைக்குழந்தைகளாக இருந்தபோதுகூட அவர் அதைச் செய்ததில்லை. டப்பை வைத்துவிட்டுக் கதவுக்கு வெளியே போய் நிற்பார்.

"போதுமா பிள்ள?"

"போதும்."

"கூடக் கொஞ்சம் ஊத்தட்டா?"

"நீங்க போங்க, நான் பாத்துக்கிடுதேன்."

போகமாட்டார். கதவின் அடியில் அவருடைய கால் நிழல் தெரிந்துகொண்டே இருக்கும்.

வலியைவிடப் பெரிதாக இருந்தது பயம். முதல் தடவை கக்கூசுக்குப் போக வேண்டுமே என்ற பயம். அதனால் ஒரு தந்திரம் செய்தேன். சாப்பிடாமல் இருந்தேன். கஞ்சியை இரண்டு வாய் குடித்துவிட்டு மீதியைத் தள்ளிவைத்தேன். மூன்றாம் நாள் அவர் கண்டுபிடித்துவிட்டார்.

"பசிக்கலையா, பயமா?" என்று கேட்டார்.

அவர் வார்டு நர்சுக்குப் போன் போட்டு என் காதில் வைத்தார். அந்தப் பெண்ணும் தமிழ்தான். "அக்கா, சாப்பிடாம கெடந்தீங்கன்னா உள்ள இருக்கிறது கல்லு மாதிரி ஆயிடும். அப்பத்தான் ரொம்பக் கஷ்டம். பப்பாளி தின்னுங்க, தண்ணி குடிங்க, குடுத்த பொடியைக் கரைச்சுக் குடிங்க. முக்காதீங்க. டரோ மத், பயப்படாதீங்க" என்றாள்.

போனை வைத்ததும் எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. எட்டு வருஷம் பயந்தது போதாதா? ஒரு தட்டுப் பப்பாளியையும் அவர் எதிரிலேயே தின்று முடித்தேன். சோம்பு நீரோ எதுவோ, கொடுத்ததையெல்லாம் குடித்தேன். மறுநாள் காலை போனேன். சுவரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, முக்காமல், மூச்சை மெல்ல விட்டுக்கொண்டு இருந்தேன். கண்ணாடித் துண்டுகள் வெளியே வருவதுபோல் இருந்தது. அருள்நிறைந்த மரியே ஜெபத்தைப் பாதியில் மறந்து, முதலிலிருந்து மறுபடி தொடங்கினேன். எல்லாம் முடிந்து கதவைத் திறந்தபோது என் முகத்தைப் பார்த்து அவர் பயந்துவிட்டார். "போயிட்டேன்" என்றேன். பெரிய பரீட்சையில் தேறினவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

அன்றிலிருந்து நடக்க ஆரம்பித்தேன். முதல் நாள் வாசல்வரை, அடுத்த நாள் சந்து முனைவரை, பிறகு கடலோரச் சுவர்வரை. காலை அகட்டி அகட்டித்தான் நடந்தேன். யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று நடந்தேன்.

ஏழாம் நாள் எங்கள் அன்பியத்து, அதாவது கோயில் ஜெபக்குழுப் பெண்கள் நாலு பேர் ஹார்லிக்ஸும் பழமும் வாங்கிக்கொண்டு ஜெபிக்க வந்தார்கள். என் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து, என் கணவர் ஊர் முழுக்க அப்பெண்டிக்ஸ் என்று சொல்லி வைத்திருந்தார். ஜெபம் முடிந்ததும் ஒருத்தி ஆசையாகப் பக்கத்தில் வந்தாள்.

"எத்தனை தையல் போட்டாங்க? எம் மவளுக்கும் அப்பெண்டிக்ஸ்தான். எங்க, காட்டுங்க பாப்போம்."

அடுப்படியில் நின்ற என் கணவர் தொண்டையைச் செருமினார். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். கக்கூசில் தனியாக அவ்வளவு பாடுபட்ட எனக்கு, இந்த ஒரு வார்த்தைக்கு இன்னும் பயப்படுவது கேவலமாகப் பட்டது.

"அப்பெண்டிக்ஸ் இல்ல. மூலம். எட்டு வருஷமா ரத்தம் போச்சு. அதனாலதான் பவனியில விழுந்தேன்."

ஒருத்தி ஹார்லிக்ஸ் பாட்டிலை நகர்த்தி வைத்தாள். கேட்டவள் என் கையைப் பிடித்து, "முதல்லயே சொல்லக் கூடாதாம்மா" என்றாள். அவ்வளவுதான். கூரை இடிந்து விழவில்லை.

வாசலில் ஒரு காய்ப் பப்பாளியோடு பக்கத்து வீட்டுப் பெங்காலி அக்கா, நாங்கள் தீதி என்று கூப்பிடுகிறவள், நின்றிருந்தாள். சௌல்தாரி கிராமத்திலிருந்து வரும் காய்கறியை வாங்கி பஜாரில் விற்பவள். நாள் முழுக்கச் சாக்கின்மேல் உட்கார்ந்திருப்பவள். தமிழ் அவளுக்குப் புரியும், வாயில் வராது. எல்லோரும் போன பிறகும் அவள் போகவில்லை. முந்தானையை முறுக்கிக்கொண்டே, "ஆட் சால்?" என்று கேட்டாள். ஆமாம், எட்டு வருஷம் என்றேன். "மேரா சே சால்" என்றாள் தரையைப் பார்த்தபடி. அவளுக்கு ஆறு வருஷம். அவள் வீட்டுக்காரருக்குத் தெரியாது.

திங்கட்கிழமை நான் டாக்டரிடம் காட்டப் போகிறேன், நீயும் வா என்றேன். "பாத் மே", பிறகு பார்க்கலாம் என்றாள். நானும் பாத் மே, பாத் மே என்று சொல்லியே தெருவில் விழுந்தேன் என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியிலெல்லாம் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். திங்கட்கிழமை காலை அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். உட்காரச் சொன்னாள், என்னால் முடியாதே! நான் நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், கடைசியில் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அதே லேடி டாக்டர் அவளை உள்ளே கூட்டிப்போய் நன்றாகப் பரிசோதித்தார். வேறு ஏதும் இல்லை, ஆபரேஷனும் இப்போதைக்குத் தேவையில்லை, மருந்தும் சாப்பாட்டு ஒழுங்கும் போதும் என்றார். என் புண் நன்றாக ஆறி வருவதாகவும் சொன்னார். வெளியே வந்து தீதி கொஞ்சம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, பஜாரில் போட்டு உட்கார ஒரு மணை வாங்கலாமா, நடுநடுவே எழுந்து நின்றால் போதுமா என்று என்னிடம் கேட்டாள். நான்தான் டாக்டர் மாதிரி.

ஐந்தாம் வாரம் மெஷினுக்குத் திரும்பினேன். அரைமணி தைப்பது, எழுந்து சந்து முனைவரை நடப்பது, மறுபடி தைப்பது. அந்த வருஷம் யூனிபார்ம்கள் கொஞ்சம் தாமதமாகத்தான் போயின. ஏன் தாமதம் என்று கேட்டவர்களிடம் காரணத்தைச் சொன்னேன்.