எடை எழுதாத சீட்டு

என் அண்ணன் மருந்துக்கடையில் இருபத்திரண்டு வருடமாக நிற்கிறார். மாத்திரை அளவு அதிகமாகத் தெரிகிறதே என்று யாராவது சந்தேகம் கேட்டால், "டாக்டர் எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று வாயை அடைத்துவிடுவார். எனக்கே ஒருமுறை அப்படிச் சொன்னார். பற்றிக்கொண்டு வந்தது.

போன வாரம் அவருடைய பூனைக்குக் காதில் புண். மாட்டு டாக்டர் தினம் இரண்டு முழு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அண்ணன் கடையிலுள்ள எடை மெஷினில் பூனையோடு ஒருமுறையும் தனியாக ஒருமுறையும் ஏறிக் கழித்துப் பார்த்தார். பூனை மூன்று கிலோகூட இல்லை. சீட்டில் எடை எழுதும் இடம் காலியாகக் கிடந்தது.

உடனே போன் போட்டார். டாக்டர் வெளியூர் போய்விட்டாராம், வர நாலு நாள் ஆகுமாம்.

"எடையே பாக்காம எழுதியிருக்காரும்மா. பாதி குடுத்தாப் போதாதா?" என்று போனை எடுத்த பெண்ணிடம் கெஞ்சினார்.

"டாக்டர் எழுதினா சரியாத்தாங்க இருக்கும்" என்று சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள்.

அண்ணி பூனையை மடியில் அமுக்கி வாயைத் திறந்து பிடித்திருந்தார். "முழுசா, பாதியா? சீக்கிரம் சொல்லுங்க."

அண்ணன் ஒரு கையில் மாத்திரையும் மறு கையில் பிளேடுமாக என் பக்கம் திரும்பினார்.

"நீ என்னடா சொல்ற?"

நான் பஸ் ஓட்டுகிறவன்.