மொறைத் தண்ணி

சமையலறை ஜன்னலோரத்தில் அந்தச் சங்கு இன்னும் இருக்கிறது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது பால் புகட்ட வாங்கிய எவர்சில்வர் சங்கு. அவள் வளர்ந்து கல்யாணமாகிப் போன பிறகு, அதே சங்கில்தான் என் மனைவிக்குத் தண்ணீர் அளந்து கொடுத்தேன்.

இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், வாரத்தில் மூன்று நாள் அவளுக்கு டயாலிசிஸ். ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான் தண்ணீர், மிஞ்சினால் நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். அரை லிட்டர் என்றால் இருபது சங்கு. மதுரை வெயிலில் இருபது சங்குத் தண்ணீரை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி என்னதான் செய்வாள்? ஈரத்துணியை உதட்டில் போட்டுக்கொண்டு கிடப்பாள். நானோ சிம்மக்கல்லில் பாத்திரக்கடையில் வேலை பார்ப்பவன். பகல் பூராவும் சொம்புகளைச் சாக்கில் அடுக்கிக் கட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து கட்டியவளுக்குச் சங்கில் ஊற்றுவேன். என்ன பிழைப்போ இது.

அவள் அலங்காநல்லூர்ப் பக்கம், விவசாயக் குடும்பம். அங்கே வாய்க்கால் தண்ணீரை ஆளுக்கு இவ்வளவு நேரம் என்று முறை வைத்துத்தான் வயலுக்கு விடுவார்கள். அதனால் தன் அரை லிட்டருக்கு மொறைத் தண்ணி என்று பெயர் வைத்துவிட்டாள். ‘என் மொறையில இன்னும் எம்புட்டு மிச்சம்?’ என்று கேட்பாள். நாலு சங்கு என்பேன். ‘அப்ப மடையத் தொறங்க’ என்பாள்.

போன ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கோச்சடையில் எங்கள் தெரு முழுக்கச் சேறு. துணி காயாமல் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டியிருந்தோம். ஈர வாடை அடித்தது. ஊரே மழையைத் திட்டியது, நாங்கள் திட்டவில்லை. குளிரில் அவளுடைய தாகம் அடங்கிவிட்டது. ஆஸ்பத்திரி இல்லாத நாட்களில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்குவாள், சேற்றில் வழுக்குகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பாள், நனைந்து வந்தால் தலையைத் துவட்டச் சொல்லி என்னை வைவாள். ஒரு சாயங்காலம் பத்தொன்பதாவது சங்கோடு கையைக் காட்டி, ‘போதுங்க’ என்றாள். எத்தனையோ நாளாக அவள் வாயில் வராத சொல் அது. கடைசிச் சங்கை என் பக்கம் தள்ளி, ‘இது ஒங்க வயலுக்கு’ என்றாள். குடித்தேன். அந்த மழை நிற்கிறவரைக்கும் கடைசிச் சங்கு என்னுடையதாகவே இருந்தது. இதைவிட வேறென்ன வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

பிறகு மழை வெறித்து வெயில் சுள்ளென்று அடித்தது. தாகம் திரும்பிவிட்டது. ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘ஒரே ஒரு சொம்பு குடுங்க. அண்ணாந்து மடக்மடக்குன்னு குடிக்கணும். அப்புறம் கேக்கவே மாட்டேன்’ என்றாள். கூறு கெட்டுப்போச்சா உனக்கு என்று கத்திவிட்டு, தண்ணீர்க் குடத்தை மாடி வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். சொன்னபடியே அவள் அப்புறம் கேட்கவில்லை.

அடுத்த வாரமே இதயம் தளர்ந்துவிட்டது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். அவளுடைய அண்ணன் ஊரிலிருந்து வந்து தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையில் மூச்சு இழுக்க ஆரம்பித்ததும், தண்ணீர் ஊற்றச் சொன்னார். குடத்தை மாடியிலிருந்து இறக்கி, சங்கை நிரப்பி அவள் உதட்டோரம் ஊற்றினேன். ஊற்றிவிட்டு, பழக்கதோஷத்தில், அடுத்ததற்கு நேரமாகட்டும் என்று சங்கைக் கவிழ்த்து வைத்தேன்.

அவர் என்னையே பார்த்தார். ‘இனி என்ன மொறை மாப்ள’ என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொம்பை எடுக்க அடுப்படிக்கு ஓடினேன். நிறைத்துக்கொண்டு திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இந்த வருஷமும் நல்ல மழை. கயிற்றில் என் துணி மட்டும் தொங்குகிறது. கடையிலிருந்து வந்ததும் சங்கில்தான் தண்ணீர் குடிக்கிறேன். சொம்பைத் தொடுவதில்லை. கடைசிச் சங்கை ஊற்றி வைத்துவிட்டு, யார் பக்கம் தள்ளுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கடைசிக் காலையில் அவள் போதும் என்று சொல்லவில்லை.